துணைவர் விவரம்

இரணியல்
6-5-2025

பிரியா அப்பாவுக்கு,

உலகம்மை எழுதுவது. கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரியா சுகம், பேத்தி ஆதிரா சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதைப் பற்றி எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். நான் அந்த வீட்டை விட்டு வந்த இந்தப் பத்து வருஷத்தில் நாம் நாலு தடவை போனில் பேசியிருக்கிறோம். நாலு தடவையும் மூன்றாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிட்டோம். எழுதினால் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் போடுங்கள். எப்படியும் காகிதங்கள் போய்வர வேண்டியிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரியாவை விட்டுப் போன மாப்பிள்ளை இனி வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது. அவள் போர்த்துகலில், பிராகா என்ற அந்த ஊரில், முதியோர் காப்பகம் ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். ஐந்து வயசுப் பிள்ளையை மாடிவீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போகிறாள். போன வருஷம் நான் போய் மூன்று மாதம் இருந்தேன். சுற்றுலா விசாவுக்கு அதற்கு மேல் கிடையாது. திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு இந்த வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. குழந்தையோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மறைக்க என்ன இருக்கிறது.

பென்ஷன்காரர்களுக்கு அந்த நாட்டில் ஒரு குடியிருப்பு விசா உண்டு. மாதாமாதம் நிச்சயமான ஓய்வூதியம் வருவதாகக் காட்டினால் அங்கேயே தங்கலாம். அவர்கள் கேட்கும் அளவுக்கு என் பென்ஷன் தனியாக எட்டவில்லை. உங்களுடையதும் தனியாக எட்டாது. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு ஒரு தலைமையாசிரியரின் பென்ஷன் எவ்வளவு என்று தெரியாதா. ஆனால் கணவன் மனைவியாக விண்ணப்பித்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். அப்படிப் பார்த்தால் தாண்டிவிடுகிறோம். பிரியா அங்கே ஒரு வக்கீலம்மாவிடம் விசாரித்துவிட்டாள்.

நாம் இன்னும் கணவன் மனைவிதான் என்பது இப்போதுதான் ஒரு உபயோகத்துக்கு வருகிறது. அங்கே இரண்டு அறை இருக்கிறது. நீங்கள் என்னோடு பேசிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை.

யோசித்து எழுதவும்.

உலகம்மை


சுசீந்திரம்
19-5-2025

அன்புள்ள உலகுவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் கோபம் இல்லை. உட்கார நேரமில்லை.

அக்கா விழுந்ததும் இடுப்பு எலும்பு முறிந்ததும் பிரியா சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்றரை வருஷமாகப் படுக்கைதான். வேலைக்கு வைத்த பெண்கள் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள். காலையில் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்து முடிக்கும்போது எனக்கு அறுபத்தெட்டு வயசு என்பது நன்றாக ஞாபகம் வந்துவிடுகிறது. உன்னிடம் அனுதாபம் கேட்டு எழுதவில்லை. அக்கா பகவதியம்மாள் பெயரைச் சொன்னாலே உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் அவளைச் சொல்லாமல் என் நிலைமையைச் சொல்ல முடியாது.

பிரியாவும் என்னிடம் பேசினாள். "அப்பா, நீங்க வரணும்னு இல்ல. ஒரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்றாள். பெற்ற பிள்ளை நம்மிடம் எதிர்பார்ப்பது ஒரு கையெழுத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைப் போடுகிறேன். எங்கே சொல்கிறாயோ அங்கே போடுகிறேன். அங்கே வந்து தங்குவேன் என்று மட்டும் சொல்லவில்லை. அதை அப்போது பார்ப்போம்.

நம் கல்யாணம் எங்கேயும் பதிவாகவில்லை. 1985-ல் யார் பதிவு செய்தார்கள். அன்றைக்கு அடித்த கல்யாணக் கடிதம், அழைப்பிதழ், ஒன்று வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொன்னார்கள். நம்மிடம் இல்லை, அக்காவின் பெட்டியில் இருந்தது. எதற்கு என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எடுத்துக்கோ, அடியில கெடக்கு" என்றாள். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். என் ஓய்வூதிய ஆணையின் நகலும் இருக்கிறது.

முழங்காலுக்கு ஆயுர்வேத ஆஸ்பத்திரிக்குப் போயேன். அலட்சியமாக இருக்காதே.

முத்துக்குமாரசாமி


இரணியல்
26-6-2025

பிரியா அப்பாவுக்கு,

பதிவுச் சான்றிதழ் தபாலில் வந்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கும் எனக்கும் கல்யாணமானதற்கு அரசாங்கத்தின் முத்திரை கிடைத்திருக்கிறது. அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் அந்தக் குமாஸ்தா என்ன பாடு படுத்தினான். "ரெண்டு பேருக்கும் ஏன் வேற வேற அட்ரஸ்?" என்று கேட்டபோது நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். நான்தான் என் வேலை இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம் என்று சமாளித்தேன். போட்டோ ஸ்டுடியோவில் கொஞ்சம் சேர்ந்து நிற்கச் சொன்னான். நீங்கள் அரையடி நகர்ந்து வந்தீர்கள், நான் அரையடி தள்ளிப் போனேன். படத்தில் பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற இரண்டு பேர் மாதிரி இருக்கிறோம்.

இனி எழுதப்போவதை எழுத எனக்கு இரண்டு நாளாகக் கை வரவில்லை.

விசாவுக்கு வேண்டிய போலீஸ் தடையில்லாச் சான்றுக்கு மனு போட்டிருந்தேன் இல்லையா. நேற்று முன்தினம் எட்சன் என்று ஒரு ஏட்டு விசாரிக்க வந்தார். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். விண்ணப்பத்தில் கணவர் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதியிருக்கிறதே. வீட்டுக்கார அம்மா தாணம்மையிடம் கேட்டபோது அவர், "அவளுக்க வீட்டுக்காரரா? அவரு செத்து பத்து வருசமாச்சுல்லா சார்" என்று சொல்லிவிட்டார். எதிர்வீட்டிலும் அதையே சொன்னார்கள். மூலைக்கடையிலும் அதையே சொன்னார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. நான் சொன்னதைத்தான் சொன்னார்கள். 2015-ல் வீடு தேடி வந்தபோது, புருஷனைப் பிரிந்து வந்தவள் என்று சொன்ன இடத்தில் எல்லாம் கதவைச் சாத்தினார்கள். ஐந்தாவது வீடு இது. கணவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். சாவியைக் கையில் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார் தாணம்மை. பிறகு தனியாக ரேஷன் அட்டைக்கு மனு கொடுத்தபோது அதிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷம் அடுத்தவர் மனுவில் குற்றம் கண்டுபிடித்தவள் நான்.

ஏட்டு நல்ல மனுஷன். ஆள் நேரில் வந்து நின்றால் அதையே எழுதிக்கொள்கிறேன் என்கிறார். நீங்கள் ஒரு நாள் இங்கே வர வேண்டும். ஆதார் அட்டையையும் பென்ஷன் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என்ன திட்ட வேண்டுமோ எழுதுங்கள்.

உலகம்மை


சுசீந்திரம்
2-7-2025

உலகு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் வரவில்லை.

வருஷா வருஷம் கருவூலத்துக்குப் போய், விரலைக் கருவியில் வைத்து, முத்துக்குமாரசாமியாகிய நான் உயிரோடு இருக்கிறேன் என்று நேர்காணல் கொடுத்துவிட்டு வருகிறேன். அதே மாவட்டத்தில், பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில், ஒரு தெரு முழுக்க என்னைச் செத்தவனாக வைத்திருக்கிறது. அந்தத் தெரு வழியாக நான் இரண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியுமா?

எனக்கு வலிக்கிறது. இந்த வயசில் இதற்குப் போய் வலிக்குமா என்று நானே கேட்டுக்கொண்டேன். வலிக்கத்தான் செய்கிறது.

சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே வந்து யாராவது கேட்டால் நான் உளறக் கூடாதல்லவா. நான் எதில் செத்தேன்? எந்த ஊரில்? எந்த நாள்? நீ அழுதாயா? தாலியை என்ன செய்தாய்? ஒழுங்காக எழுது. ஒரு தலைமையாசிரியர் கேட்கிற மாதிரி இருந்தால் மன்னித்துக்கொள், பழக்கம் போகவில்லை.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறேன். அக்காவைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்திருக்கிறது.

மு.


இரணியல்
7-7-2025

பிரியா அப்பாவுக்கு,

கேட்டதற்கு வரிசையாகப் பதில். மாரடைப்பு. சென்னையில், ரயில் நிலையத்தில். தாலி கழுத்தில்தான் இருக்கிறது, சேலைக்குள்ளே. அதைக் கழற்ற மனசு வரவில்லை என்று சொன்னேன், அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நாள் என்று ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. திதி எப்போது என்று தாணம்மை கேட்டார். அவர் நிஜமாகவே புருஷனை இழந்தவர், அதையெல்லாம் தவறவிடாதவர். வாயில் வந்ததைச் சொன்னால் அடுத்த வருஷம் எனக்கே மறந்துபோகும் என்று பயந்து, ஆடி அமாவாசை என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அவர் வீட்டு இலைக்குப் பக்கத்தில் என் இலையும். அவியல், எரிசேரி, புளிசேரி, பயற்றந்துவரன், பருப்புப் பாயசம். உங்களுக்குப் பிடித்ததைத்தான் வைத்தேன். அதற்கு ஒன்றும் அர்த்தம் கற்பித்துக்கொள்ள வேண்டாம். செத்தவருக்கு என்ன பிடிக்கும் என்று அவர் கேட்டார், எனக்குத் தெரிந்தது அதுதான்.

அழுதாயா என்று கேட்டிருக்கிறீர்கள். அழுதேன். முதல் வருஷம் தாணம்மை அவர் புருஷனை நினைத்து அழுதார், நான் கூட உட்கார்ந்து அழுதேன். நடிப்பு இல்லை.

பிரிந்து வந்தேன் என்று சொல்லாமல் செத்துவிட்டார் என்று ஏன் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன், வீடு கிடைக்காதது மட்டும் காரணமில்லை. பிரிந்து வந்தேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நீங்கள் ஓய்வு பெற்ற மறுவாரம் உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. முப்பது வருஷம் என் இடுப்பில் இருந்த அரங்குச் சாவியை, நெல்லும் நகையும் வைக்கிற உள்ளறைச் சாவியை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கையில் கொடுத்தீர்கள். எங்கள் குடும்பத்தில் அக்காவுக்குத்தான் அது என்றீர்கள். பெண்வழியில் சொத்துப் போகிற மருமக்கள்வழி சட்டத்தில் ஒழிந்து நூறு வருஷம் ஆகப்போகிறது, உங்கள் வீட்டு அடுக்களைக்கு மட்டும் அந்தச் சேதி வரவில்லை. ஒரு சாவிக்காகவா வந்தாய் என்று தெருவில் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மரணத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் வாருங்கள். மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம்.

உலகம்மை


இரணியல்
22-7-2025

பிரியா அப்பாவுக்கு,

நீங்கள் வந்து போனதற்கு நன்றி. ஏட்டு அறிக்கை எழுதி அனுப்பிவிட்டார். நீங்கள் ரயில்வே ரோட்டில் நடந்து வந்ததைப் பார்த்து மூலைக்கடைக்காரர் எழுந்து நின்றாராம்.

நீங்கள் போன பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன். புளிசேரியில் உப்பு இல்லை. அவியலிலும் இல்லை. ஒரு கல் கூட இல்லை. படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாது, அது உங்களுக்குத் தெரியும். பத்து வருஷமாக இந்த ஐந்தையும் ருசி பார்க்காமலே செய்து கைக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு அடுப்பில் நின்றபோதும் கை அப்படியே செய்திருக்கிறது. ஏட்டு வந்துவிடுவாரே என்ற பதற்றத்தில் உப்பும் மறந்துவிட்டது. உயிரோடு ஆள் வந்து உட்கார்ந்து சாப்பிடப் போகிறார் என்பது மனசுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இலையைத் துடைத்துச் சாப்பிட்டீர்கள். இரண்டாம் தரம் புளிசேரி கேட்டீர்கள். நான் இருந்த முப்பது வருஷத்தில், ரசத்தில் பெருங்காயம் ஒரு பொட்டு கூடிவிட்டால் ஊர் முழுக்கக் கேட்கும். அன்று ஏன் சொல்லவில்லை?

தாணம்மை என்னிடம் பேசுவதில்லை. நீங்கள் போனதும் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீ எனக்க கூட இருந்து அழுதியே, அது ஆருக்குட்டி?" என்று கேட்டார். இப்போது தண்ணீர் மோட்டார் போடுவதற்குக் கூட அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறார். அவரை நான் ஏமாற்றிவிட்டேன். இந்த வருஷம் ஆடி அமாவாசை நாளை மறுநாள். அவர் ஒற்றை இலைதான் போடுவார்.

உலகம்மை


சுசீந்திரம்
2-8-2025

அன்புள்ள உலகுவுக்கு,

உப்பு இல்லை என்பது முதல் கவளத்திலேயே தெரிந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ குனிந்து துவரன் வைத்துக்கொண்டிருந்தாய், தலை முழுக்க வெளுத்திருந்தது. பத்து வருஷமாக இலையில் வைத்ததை நான் சாப்பிடவில்லை, இன்றைக்காவது சாப்பிடுவோம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ மட்டும்தான் பொய் சொன்னாய் என்று நினைக்காதே. நீ போன பிறகு இங்கே கேட்டவர்களிடம் எல்லாம் உனக்கு ராமநாதபுரத்துக்கு மாறுதல் ஆகிவிட்டது என்றேன். ஒரு வருஷம் அப்படி ஓட்டினேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

சாவி விஷயம். அன்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும். இதை எழுத எனக்குப் பத்து வருஷமும் ஒரு போலீஸ் விசாரணையும் தேவைப்பட்டிருக்கிறது. தப்பு என்னுடையதுதான்.

பாங்கில் நம் கூட்டுக் கணக்கு வேலை முடிந்தது. அடுத்த மாதத்திலிருந்து இரண்டு பென்ஷனும் அதில் விழும். கொச்சியில் விண்ணப்ப மையத்தில் செப்டம்பர் 16 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். உன் போலீஸ் சான்று அதற்குள் வந்துவிடுமல்லவா?

தாணம்மையிடம் நீயாகப் போய் ஒரு தடவை பேசு. கதவைத் திறக்காவிட்டாலும் பேசு.

முத்துக்குமாரசாமி


இரணியல்
24-11-2025

பிரியா அப்பாவுக்கு,

என் போலீஸ் சான்று வராததால் செப்டம்பரில் உங்கள் மனுவை மட்டும் கொடுத்துவிட்டு வந்தோம். என்னுடையது பின்னால் சேர்ந்துகொள்ளும் என்று வக்கீலம்மா சொன்னாள். சேராது போல் இருக்கிறது.

எட்சன் ஏட்டு நல்லபடியாகத்தான் எழுதினார். மேலே போன இடத்தில் என் ரேஷன் அட்டை மனுவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கணவர் காலமானார் என்று அரசு ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பொய்த் தகவல். விசாரணை நிலுவையில் இருக்கிறதாம், அது முடிகிறவரை தடையில்லாச் சான்று கிடையாது. எவ்வளவு காலம் என்று கேட்டேன். அந்த மேஜையில் இருந்த பெண் என் மகள் வயசு. "சொல்ல முடியாதும்மா. ஆறு மாசமும் ஆகும், மூணு வருசமும் ஆகும்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நானும் ஒரு காலத்தில் அந்த மாதிரி மேஜையில் இருந்து இதே குரலில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அலுத்துவிட்டது. ஏழு மாதமாக எத்தனை நகல், எத்தனை சான்றொப்பம். பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

பிரியாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உலகம்மை


சுசீந்திரம்
19-12-2025

அன்புள்ள உலகுவுக்கு,

இன்று பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா ஒட்டியிருக்கிறது. கூட்டுக் கணக்கைக் காட்டியதால் வருமானம் போதும் என்று வைத்துக்கொண்டார்களாம். நான்கு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது.

போக வேண்டும் என்று துடித்தவளுக்கு இல்லை, கையெழுத்து மட்டும் போட வந்தவனுக்குக் கிடைத்திருக்கிறது. மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு இது வேண்டாம். அக்காவை விட்டுவிட்டுப் போக முடியாது, உன்னை விட்டுவிட்டு உன் பேத்தியிடம் போய் உட்காரவும் முடியாது. திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று பிரியாவிடம் கேட்கப்போகிறேன்.

சென்ற மாதம் கூட்டுக் கணக்குக் காகிதத்தில் கையெழுத்துக்காக நீ இங்கே வந்தபோது அக்காவுக்கு நான் சோறு கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ நடையிலேயே நின்றுவிட்டாய். உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசுவாய் என்று அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

முத்துக்குமாரசாமி


இரணியல்
3-1-2026

பிரியா அப்பாவுக்கு,

விசாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இதை முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அன்று நடையில் நான் நின்றது கோபத்தில் இல்லை. நீங்கள் ஒரு கையால் அவர் தாடையைப் பிடித்து, மறு கையால் குழைத்த சோற்றை ஊட்டி, விழுங்குகிறவரை காத்திருந்தீர்கள். அப்புறம் தலையைச் சீவிப் பின்னல் போட்டீர்கள். பிரியா சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் கூட அவளுக்குச் சோறு ஊட்டாத மனுஷன். இவர் எப்போது இதையெல்லாம் கற்றுக்கொண்டார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

பிரியா நேற்று போன் பண்ணினாள். மாடிவீட்டுப் பெண் மார்ச்சில் சொந்த ஊருக்குப் போகிறாளாம். அதற்குப் பிறகு பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும். போக முடிந்தவர் நீங்கள்தான். அக்காவுக்கு ஊட்டின கை பேத்திக்கும் ஊட்டும்.

உங்கள் அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிடவில்லை. இனிமேல் வருமா என்றும் தெரியாது. துடைக்கவும் ஊட்டவும் பிரியம் வேண்டியதில்லை, நேரத்துக்குச் செய்தால் போதும், அது எனக்கு வரும். நான் எழுதிக் கொடுத்த பொய்க்கு நான்தான் இங்கே இருந்து பதில் சொல்ல வேண்டும். அதற்காகப் பிள்ளை தனியாக இருக்கக் கூடாது.

என் பென்ஷன் கூட்டுக் கணக்கிலேயே விழட்டும். இல்லாவிட்டால் அங்கே உங்கள் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும்.

இந்த வீட்டைக் காலி செய்கிறேன் என்று தாணம்மையிடம் நேரில் போய்ச் சொன்னேன். கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

உலகம்மை


சுசீந்திரம்
11-1-2026

உலகு,

ஒரு வாரமாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவ செய்வா. என்னைய ஏசிக்கிட்டே செய்வா. நீ போ மக்கா" என்றாள்.

நாம் ஒரே வீட்டில் இருக்கப்போவது ஒரு வாரமோ பத்து நாளோ. அதற்குப் பிறகு நீ என் வீட்டில், நான் உன் இடத்தில். இப்படி ஒரு குடும்பத்தை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தை என்னைக் கண்டால் அழுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 20 திருவனந்தபுரத்திலிருந்து விமானம். நீ எப்போது வருகிறாயோ அதற்கு முந்தின நாளே சொல். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைக்க வேண்டும்.

முத்துக்குமாரசாமி


சுசீந்திரம்
20-2-2026

பிரியா அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கைப்பையில், மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். விமானத்தில் உட்கார்ந்த பிறகு படியுங்கள். ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்தும் நாம் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. எழுதுவதுதான் நமக்கு ஒத்துவருகிறது.

உங்கள் அக்காவை, என் மைனியை, நினைத்துக் கவலைப்பட வேண்டாம். முந்தாநாள் நீங்கள் பாங்குக்குப் போயிருந்தபோது, "நீ அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்னு நெனச்சேன்" என்றார். "இல்ல மைனி, அனுப்பிட்டு இருக்கதுக்கு வந்தேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் இதுவரைக்கும்.

ஆதிரா விஷயத்தில் சொல்ல வேண்டியவை. பால் சூடாக இருந்தால் குடிக்க மாட்டாள், ஆறவைத்து நுரை இல்லாமல் கொடுங்கள். குளிக்கும்போது கண்ணில் தண்ணீர் பட்டால் வீட்டைக் கூட்டிவிடுவாள், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு உடனே திரும்பாதீர்கள், படி ஏறினதும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், அப்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டும். தமிழில் பேசினால் அந்த ஊர்ப் பேச்சில் பதில் சொல்வாள், திருத்தாதீர்கள், நீங்கள் பாட்டுக்குத் தமிழிலேயே பேசுங்கள். வாத்தியார் வேலை காட்ட வேண்டாம். தூங்கும்போது பக்கத்தில் இருப்பவர்மேல் காலைத் தூக்கிப் போடுவாள். கால் மரத்துப்போகும். நகர்த்தினால் விழித்துக்கொள்வாள், அப்படியே விட்டுவிடுங்கள்.

பிரியா மெலிந்திருப்பாள். அவளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

வாராவாரம் எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் குழந்தையின் சத்தம் கேட்டால் அன்றைக்கு எனக்கு இங்கே வேலை ஓடாது, மைனிக்கு நேரத்துக்குச் செய்ய முடியாமல் போகும்.

குழந்தை என்னைக் கேட்டால், வருவேன் என்று சொல்லாதீர்கள். நாளாக நாளாகக் கேட்காமல் விட்டுவிடுவாள். அது நல்லதுதான். அப்படி விட்டுவிட்டாள் என்பதை மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள்
உலகம்மை